பாலத்து டிரில்

மார்ச் 16, சனி

ஜனவரியில் டிராக்டர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. என்னிடம் டிராக்டர் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். இரண்டரை மாதமாக மிக்ஸியின் காலுக்கடியில் ஆட்டம் தாங்கிக் கிடந்ததை இன்று என் வீட்டுக்காரி கோமளா உருவி எடுத்து என் மடியில் போட்டாள். "வாயால பேசறத எல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்குக் கொஞ்ச நாள் லீவு வேணும்" என்றாள். இதைத் திருட்டுத்தனமாகப் படிக்கப் போகிறவளும் அவளே என்பதால் இப்போதே ஒரு வணக்கம் போட்டு வைக்கிறேன்.

பெயர் பலராமன். வயது ஐம்பத்து நான்கு. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தேன் என்றால் ஊரில் எழுந்து நிற்கிறார்கள். சப்ளை பிரிவில் அரிசி பருப்பு மூட்டைகளுக்குக் காவல் இருந்தேன் என்றதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் எதிரியைப் பார்த்ததில்லை. வண்டு விழுந்த துவரம்பருப்பை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு நகைக்கடையில் கன்மேன். சொந்த லைசென்ஸ், சொந்த ரிவால்வர். இடுப்பில் தோலுறையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. "தெரியறதுக்குத்தான்யா உனக்கு வேலை" என்பார். என்னைப் பார்த்துத் திருடன் பயப்பட மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வாசலில் ஞானப்பிரகாசத்தை நிறுத்தியிருக்கிறார். என்னை உள்ளே கொலுசுப் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ஞானம் நிஜ சிப்பாய். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபத்திரண்டு வருஷம், ஹவில்தாராக வந்தவன். பனியில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவன். ஒன்பது வருஷமாக என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருகிறான். வீரத்துக்கு அவனுக்கு ஏற்கெனவே ஒரு மெடல் உண்டு. இதற்கு இன்னொன்று தரலாம்.

இன்று தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள்.

மார்ச் 18, திங்கள்

தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காலையில் போனால் வரிசை. ரைஸ்மில் அண்ணாச்சி கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பதுபோல நின்றிருந்தார். கல்குவாரிக்காரர் தன் துப்பாக்கியைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டம்மாவின் சேலை இல்லை அது. அந்த அம்மாள் அந்த நிறம் கட்டுவதே கிடையாது. அதற்கு மேல் எழுதினால் கோமளா இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவாள்.

வங்கி, நகைக்கடை காவலர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு எனக்கும் ஞானத்துக்கும் ஆளுக்கொரு கடிதம் கிடைத்தது. துப்பாக்கியைக் கடையில் வைத்துவிட்டு வரவும் வழியில்லை. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையை விட்டு அது போகக் கூடாது. ஆகவே போகும்போதும் வரும்போதும் இடுப்பில்தான்.

மார்ச் 19, செவ்வாய்

பாலாற்றுப் பாலத்தின் முனையில் பந்தல் போட்டுச் சோதனை. பறக்கும் படை என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் இடுப்பைப் பார்த்ததும் மட்டும் நிஜமாகவே பறந்தார்கள்.

"டேய், வண்டிய ஓரங்கட்டு! கையத் தூக்கு!"

லைசென்ஸ், விலக்குக் கடிதம், ஆதார், கடை அடையாள அட்டை எல்லாம் காட்டினோம். ஏட்டு முனிரத்தினம் என்பவர் தலைகீழாகவும் ஒருமுறை படித்துப் பார்த்தார். யாருக்கோ போன் செய்தார். அந்த யாரோ டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றோம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எங்களைக் கொலைகாரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்களில் என் சின்ன மாமியாரும் உண்டு. மாலைக்குள் சொந்தக்காரர்கள் ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள்.

ஞானம் அந்த நாற்பது நிமிஷமும் அட்டென்ஷனில் நின்றான். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மார்ச் 20, புதன்

அதே பாலம், அதே ஏட்டு, அதே கேள்வி. "நேத்து பாத்தீங்களே சார்" என்றேன். "நேத்து பாத்தது நேத்திக்கு" என்றார். தத்துவம்தான். முப்பத்தைந்து நிமிஷம்.

கடை திறக்கும்போது வாசலில் கன்மேன் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ லேட்டானா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். உனக்கு கொலுசு செக்‌ஷன், பரவால்ல. வாசல் காலியா இருக்கக் கூடாது."

அதாவது போவதென்றால் ஞானம்தான் போவான். ஐம்பத்தாறு வயதில் அவனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? அவன் மனைவி ரெஜினாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷனுக்கு ஜூனில் நாள் குறித்திருக்கிறார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரெஜினா கோமளாவிடம் சொன்னாள். அதாவது ஊருக்கே சொன்ன மாதிரி.

மார்ச் 21, வியாழன்

இன்று என் வாழ்க்கையின் பெருமைக்குரிய நாள். விரிவாக எழுதுகிறேன்.

ஏட்டு கையைத் தூக்கியதும் நான் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி விறைப்பாக நின்று, பாலமே அதிர, "ஜாஞ்ச் சஸ்தர்!" என்று கத்தினேன்.

ராணுவத்தில் டியூட்டிக்கு முன்னும் பின்னும் கொடுக்கிற கட்டளை அது. சிப்பாய் ஆயுதத்தைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கேட்ட காதல்லவா? யோசிக்காமல் ஞானத்தின் கை போய்விட்டது. உறையிலிருந்து ரிவால்வரை எடுத்தான். குழலை வானத்துக்குத் திருப்பினான். சிலிண்டரைத் தள்ளித் திறந்து நெஞ்சுயரத்தில் நீட்டினான். வழியில் நாங்கள் தோட்டா போடுவதில்லை. ஆறு ஓட்டை வழியாகவும் ஆறு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. நானும் அப்படியே செய்தேன். எனக்குச் சிலிண்டர் திறக்கவில்லை. தட்டினேன். தொப்பி விழுந்தது.

ஒரு கணம் எல்லோரும் உறைந்தார்கள். பிறகு ஏட்டு முனிரத்தினம் சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்க, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "யோவ், இன்னொரு வாட்டி செய்யுங்கய்யா!"

செய்தோம். இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டார். கடைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

பைக்கில் ஞானம் சொன்னான்: "ராமா, சஸ்திரத்த வெளையாட்டுக்கு வெளிய எடுக்கக் கூடாதுடா."

"ஒரே ஒரு மாசம்டா. வேல முக்கியமா, சாஸ்திரம் முக்கியமா?"

பின்சீட்டில் அவன் உறையின் பொத்தானை அழுத்தி மூடுகிற சத்தம் கேட்டது.

மார்ச் 22, வெள்ளி

மறுபடி ஜாஞ்ச் சஸ்தர். இரண்டு நிமிஷம். கோமளா கறிவேப்பிலைத் தொக்கு அரைத்தாள். டைரி போனதால் மிக்ஸி ஆடுகிறது.

மார்ச் 26, செவ்வாய்

எங்களுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். பால முனையில் டீ விற்கிற சர்தார் பாஷா, எங்களைக் கண்டதும் பாய்லரை விட்டுவிட்டு போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார். ஏட்டு இப்போது சல்யூட் வேறு வைக்கிறார். நான் தினமும் ஏதாவது புதிதாகச் சேர்க்கிறேன். இன்று அபவுட் டர்ன் அடித்து வேண்டுமென்றே தவறான பக்கம் திரும்பினேன். ஒரு பஸ் முழுக்கச் சிரித்தது. ஞானம் தன் பங்கை மட்டும் ஒழுங்காக, நேராக, கண் சிமிட்டாமல் செய்கிறான். நான் தப்பாகச் செய்வதற்கே அவன் சரியாகச் செய்வதுதான் அழகு சேர்க்கிறது. இதை அவனிடம் பாராட்டாகத்தான் சொன்னேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. ஞானத்துக்கு லீவு. நான் மட்டும் போனேன். தனியாகச் செய்தேன், எடுபடவில்லை. ஏட்டு, "பார்ட்னர் இல்லாம சப்புனு இருக்குதுய்யா" என்றார். உண்மை.

ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டருக்கு ரெஜினா கொடுத்தனுப்பிய கேக்கை இப்போதுதான் முடித்தோம். முட்டி வலியோடு நின்று செய்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே கோமளா மூன்று துண்டு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஞானத்தோடு சண்டை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

காலையில் டிரில் முடித்து வண்டி ஏறியதும் சொன்னான். "ஈஸ்டர் அன்னிக்கி சர்ச்சுல ஒருத்தன் போன்ல காட்டி இது நீங்கதானேன்னு கேட்டான். ரெஜினா பக்கத்துல நிக்கிறா. நாளையிலேர்ந்து நான் செய்ய மாட்டேன். வேல போனா போவுது."

"போனா போவுதா? நான் இல்லேன்னா நீ மொத வாரமே வீட்டுல உக்காந்திருப்பே. என் கோமாளித்தனந்தான்டா உன் சோத்தக் காப்பாத்துது."

இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். மாலையில் அவன் என் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போய்விட்டான்.

நான் தனியாகத் திரும்பும்போது ஏட்டு ஓரமாகக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து எங்க டீம் இல்ல. வெளி ஜில்லா ஆளுங்க வர்றாங்க. ஏதோ மிரட்டல் லெட்டர் வந்திருக்குதாம், கொஞ்சம் விறைப்பாத்தான் இருப்பாங்க. டிரில்லு கிரில்லு வேணாம். உன் பார்ட்னருக்கும் சொல்லிடு."

நாளைக்கு நான் லீவு. கோமளாவின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. ஞானம் தனியாகத்தான் போவான்.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். டிரில்தான் இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டானே, பிறகு என்ன? நான் இல்லாமல் ஒரு நாள் போய் வெயிலில் நாற்பது நிமிஷம் நிற்கட்டும். அப்போது தெரியும் ஐயாவின் அருமை.

ஏப்ரல் 3, புதன்

காதுகுத்து நன்றாக நடந்தது. கேசரியில் முந்திரி இருந்தது என்று வதந்தி. எனக்குக் கிடைத்ததில் இல்லை.

பதினொன்றரைக்குக் கடையிலிருந்து போன் வந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

பெரியாஸ்பத்திரி, ஆண்கள் அறுவை வார்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ் உட்கார்ந்திருக்கிறார். ஞானத்தின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. துப்பாக்கிக் கட்டையால் இரண்டு அடி, விழுந்த பிறகு பூட்ஸால் ஒன்று. நெற்றியில் ஒன்பது தையல். இடது காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறார்கள், அந்த இரண்டு விரல் போன கால்.

போலீஸ் தரப்பில் சொல்வது: சோதனைக்கு நிறுத்தியவுடன் ரிவால்வரை உருவிக் காவலர்களை நோக்கி நீட்டினான். கொலை முயற்சி வழக்கு.

என்னை உள்ளே விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து இடது கையைக் கொஞ்சம் தூக்கினான். போ, பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

ஆள் மாறுவார்கள் என்று யார் கண்டது?

ஏப்ரல் 5, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் வாஷர் மாற்றினேன்.

முதலாளி சொன்னபடி என் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். அங்கே ரைட்டர் ரசீது எழுதிக்கொண்டே, "உங்க கூட்டாளி இன்னாத்துக்குய்யா போலீஸ் மேலயே நீட்டுனான்? குடிப்பானா?" என்று கேட்டார். ஞானம் குடித்ததில்லை. மிலிட்டரி கோட்டாவைக்கூட வாங்கி எனக்குத்தான் கொடுப்பான். "தெரியல சார்" என்றேன்.

ஏப்ரல் 6, சனி

ரெஜினா வீட்டுக்குப் போனோம். அழவில்லை. கோமளாதான் அழுதாள். ரெஜினா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"முந்தின நாளு உங்ககூடப் பேச்சு வார்த்த ஆயிடுச்சாமே அண்ணா. சரியாவே சாப்புடல. காலையில சட்ட போடும்போது சொன்னாரு, 'ராமன அப்டி எடுத்தெறிஞ்சி பேசியிருக்கக் கூடாது. அவன் எனக்காகத்தான் அவ்ளோ பேர் முன்னால தன்னைக் கேலி பண்ணிக்கிறான். இன்னிக்கி அவன் லீவு. நான் தனியாவே அந்த டிரில்லச் செஞ்சிட்டுப் போறேன். ஏட்டு போன்ல சொல்வாரு, அவனுக்குச் சந்தோஷமா இருக்கும்'னு. சிரிச்சிகினே ஸ்கூட்டிய எடுத்துகினு போனாரு. இன்னா டிரில் அண்ணா அது? போன்ல காட்டுனாங்களே, அதுவா?"

"ஆமா" என்றேன்.

வரும் வழியில் கோமளா தலைவலி மாத்திரை வாங்கச் சொன்னாள். வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

ஏட்டு முனிரத்தினம் சட்டை பேண்டில், மங்கி கேப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் வெயிலில் மங்கி கேப். இந்த மாவட்டத்தில் இதைவிடச் சந்தேகத்துக்குரிய ஆளை நான் பார்த்ததில்லை.

"பலராமா, டிரில் விஷயம் வெளிய வந்தா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. செக்போஸ்ட்ல ஆயுதத்த எடுக்கச் சொல்லி வேடிக்க பாத்தவன்னு போட்டுடுவாங்க. ரெண்டு வருஷந்தான் சர்வீஸ் இருக்குது. உன் லைசென்ஸும் போயிடும். உன் ஆளு கேஸ வக்கீலு பாத்துக்குவாரு."

"எத்தன வருஷம் போடுவாங்க?"

"பத்து வரைக்கும் போடலாம். ஆனா போட மாட்டாங்க."

போகும்போது வாசலில் நின்றார். "நான் உங்கிட்ட முன்னாடியே சொன்னேனே. சொன்னியா அவன்கிட்ட?"

கோமளா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்" என்றேன்.

ஏப்ரல் 10, புதன்

மாங்காய் பத்து கிலோ நறுக்கினேன். உப்புப் போட்டு வெயிலில் காய வைத்தாயிற்று.

ஞானத்திடம் வாக்குமூலம் வாங்கிவிட்டார்களாம். வக்கீல் சொன்னார். "காட்டச் சொன்னார்கள், காட்டினேன்." அவ்வளவுதான். யார் சொல்லிக் கொடுத்தது, எத்தனை நாளாக நடந்தது என்று எதுவும் இல்லை. என் பெயர் இல்லை. ஏட்டின் பெயர் இல்லை. "தனியா ஒரு ஆளு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கூட இருந்த யாராவது வந்து சொன்னா உண்டு" என்றார் வக்கீல். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு கண் கொஞ்சம் மாறுகண்.

ஏப்ரல் 11, வியாழன்

மாங்காயைத் திருப்பிப் போட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மாங்காய்.

ஏப்ரல் 13, சனி

காலையில் எழுந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் இந்த டைரி விரித்து வைத்திருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதிப் பக்கம். காற்றில் மூடிவிடாமல் இருக்க அதன் மேல் உப்பு ஜாடி.

கோமளா தட்டு வைத்தாள். இட்லி வைத்தாள். சட்னி வைத்தாள். என் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக என் பேச்சிலிருந்து காதுக்கு லீவு கேட்டவள், இன்று நான் ஏதாவது பேச மாட்டேனா என்று பார்த்தாள்.

நான் உப்பு ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

டி.எஸ்.பி. ஆபீஸ். விசாரணை அதிகாரி ஒரு அம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பாலம், நாற்பது நிமிஷம், முதலாளி, ஜாஞ்ச் சஸ்தர், பதினோரு நாள், சர்தார் பாஷாவின் போன், எல்லாம். ஏட்டின் பெயரையும் சொன்னேன். வேறு வழியில்லை.

"எப்படிச் செஞ்சீங்க? காட்டுங்க" என்றார்.

"துப்பாக்கி இல்லையே மேடம்."

மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தார்.

இடுப்பில் செருகிக்கொண்டு விறைப்பாக நின்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து நான்கைந்து போலீஸ்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். முதலில் ஞானம் செய்வதைச் செய்து காட்டினேன். வெளியே எடுப்பது, வாய் வானத்துக்கு, திறப்பது, நெஞ்சுயரத்தில் நீட்டுவது, அசையாமல் நிற்பது. "நீங்க எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டார். என்னுடையதையும் செய்தேன். திறக்காமல் தட்டுவது, தொப்பி விழுவது, தவறான பக்கம் திரும்புவது. ஸ்டேப்ளரிலிருந்து பின்கள் கொட்டின. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு எடுபட்டதில்லை.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "முதல்ல செஞ்சத இன்னொரு தடவ செய்யுங்க" என்றார். செய்தேன். என் கை நீண்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இது உங்களுக்கு முன்னால நிக்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கீழே கொட்டிய பின்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

"செக்போஸ்ட்ல ஆள் மாறப்போறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

அதை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். விரலில் மை.

ஏப்ரல் 24, புதன்

சர்தார் பாஷா தன் போனைக் கொடுத்துவிட்டார். ஒன்பது வீடியோக்கள். ஒன்றில் தேதி நேரத்தோடு ஏட்டின் சிரிப்பு தெளிவாகப் பதிந்திருக்கிறது. அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கொலை முயற்சிப் பிரிவை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது அஜாக்கிரதையாக ஆயுதத்தைக் கையாண்டது. அபராதத்தோடு போகலாம் என்கிறார் வக்கீல். என் லைசென்ஸையும் ஞானத்தின் லைசென்ஸையும் ரத்து செய்ய நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாக வேறு ஆட்களைப் போட்டுவிட்டார். அடித்தவர்கள்மேல் நடவடிக்கை உண்டா என்று வக்கீலைக் கேட்டேன். தற்காப்புக்காகச் செய்ததாக அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வீடியோவைப் பார்த்தால் எனக்கே அது பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 27, சனி

ஞானம் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டான். கோமளா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உங்களத்தான் கேட்டாரு" என்றாள். நாளை போகலாம் என்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நாளை.

மே 4, சனி

இன்று போனேன்.

பத்துக்குப் பத்து அறை. ஜன்னலோரம் கட்டில். வலது கை முழங்கை வரை கட்டு, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். விரல்கள் கட்டுக்கு வெளியே கறுத்துத் தெரிந்தன. மடங்காதாம். ரெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல் கட்டுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஜூன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்களாம்.

"வாடா ராமா! எத்தினி நாளாச்சு! உக்காரு, உக்காரு. ரெஜி, ராமன் வந்துட்டான், டீ போடு!"

இளைத்துவிட்டான். ஆனால் முகம் நிறையச் சிரித்தான். ஒன்பது வருஷத்தில் நான் பேசி அவன் கேட்டதுதான் வழக்கம். இன்று அவன் பேசினான். வார்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த போலீஸ் எப்படிக் குறட்டை விட்டார், அவர் தூங்கும்போது இவன் எப்படி இடது கையால் அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான், நர்ஸ் வந்து யார் கைதி என்று கேட்டாள் என்றெல்லாம். நான் சொல்ல வேண்டிய கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"இன்னாடா மூஞ்ச இப்டி வெச்சிகினு கீறே? நான் உள்ள போய்ட்டனா இன்னா? வெளிய வந்துட்டேன்ல? உன்னாலதான்டா வந்தேன். ஸ்டேப்ளர வெச்சிகினு டான்ஸ் ஆடினியாமே, வக்கீல் சொன்னாரு. உனக்கு வேலையும் போச்சி, லைசென்ஸும் போச்சி. எனக்காக எவன்டா இத்தச் செய்வான்?"

இடது கையால் என் முழங்காலைத் தட்டினான்.

சமையல் கட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம். ஏலக்காய் தட்டுகிற சத்தம். நான் வந்தால் மட்டும் ரெஜினா ஏலக்காய் போடுவாள்.

அப்படியே விட்டிருக்கலாம். டீ குடித்துவிட்டு, முறுக்கு இருந்தால் தின்றுவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. கோமளா சொல்ல மாட்டாள். ஏட்டு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஞானம், எனக்குத் தெரியும்டா."

"இன்னா தெரியும்?"

"ஆள் மாறப்போறாங்கன்னு. டிரில் செய்ய வேணாம், உங்கிட்ட சொல்லிடுன்னு ஏட்டு எங்கிட்ட சொன்னாரு."

அவன் கை என் முழங்காலின் மேலேயே இருந்தது.

"எப்ப?"

"முந்தின நாளு சாயங்காலம். அஞ்சரை இருக்கும்."

"போன் கெடைக்கலயா?"

இந்த இடத்தில் ஒரு கதவு திறந்தது. அவனேதான் திறந்துவிட்டான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

"கையில எடுத்தேன். கோவத்துல பண்ணல. வெயில்ல நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெளியே தெருவில் தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள். அந்தச் சத்தம் தெருக்கோடி திரும்பி மறைகிறவரை ஞானம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை என் முழங்காலிலிருந்து எடுத்து, கட்டுப்போட்ட கையின் மேல் வைத்துக்கொண்டான். முகத்தில் கோபம் இல்லை. பாலத்தில் நின்றபோது இருந்த மாதிரி நேராக, கண் சிமிட்டாமல் இருந்தான்.

ரெஜினா சமையல் கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணனுக்குச் சக்கர எவ்ளோ போடட்டும்?"

ஞானம் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"ரெஜி, டீ ஒண்ணு போதும்."